பஸ்ஸுல பாக்கிச் சில்லறை, 10 ரூபாய் காசு, கிழிஞ்ச தாளு: இதுக்கெல்லாம் என்ன வழிங்க?

பெருமாநல்லூர் பயணி:

பெருமாநல்லூர் – திருப்பூர் டவுன் பஸ், திருப்பூர் – கோயமுத்தூர் வெளியூர் பஸ் ரெண்டுலயும் தெனமும் ஏறி இறங்கறவங்ககிட்டயும், பஸ் தொழில்ல இருக்கறவங்ககிட்டயும் கேக்கறேனுங்க. காசு குடுத்து டிக்கெட் வாங்கறதுல நாலு எடத்துல சிக்கல் வருது. "சரியான சில்லறை கொடுத்து பயணச்சீட்டு பெறவும்"னு வண்டிக்குள்ளயே எழுதிப் போட்டிருக்குது, அதையே திருப்பிச் சொல்ல வேண்டாம். அந்தச் சில்லறை எங்க கெடைக்கும், கெடைக்காதப்ப என்ன பண்றதுங்கறதுதான் கேள்வி.

மொதல்ல, 100 ரூபாய் நீட்டுனா டிக்கெட்டுக்குப் பின்னாடி பாக்கியை எழுதிக் குடுத்துட்டு "இறங்கறப்ப வாங்கிக்குங்க"ங்கறாங்க. இறங்கற எடத்துல கண்டக்டர் பின்படியில இருப்பாரு, நாம முன்படியில இறங்கிருவோம். வண்டி கெளம்பீரும்.

ரெண்டாவது, 10 ரூபாய் காசு. ஒரு கண்டக்டர் வாங்கறாரு, இன்னொருத்தர் "இது செல்லாதுங்க, தாளாக் குடுங்க"ங்கறாரு. அதே ஆளு பாக்கி தர்றப்ப நமக்கு அந்தக் காசையே தர்றதும் உண்டு.

மூணாவது, ஒட்டுப் போட்ட 10, 20 ரூபாய் தாளு. பஸ்ஸுக்குள்ள வாங்கிட்டமுன்னா அப்புறம் பேக்கரியிலகூட வாங்க மாட்டேங்கறாங்க.

நாலாவது, தனியார் டவுன் பஸ்ஸுல போன்ல கட்டறேன்னா சில வண்டியில சரிங்கறாங்க, சில வண்டியில மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. பணம் நம்ம கணக்குல கழிஞ்சு அவங்களுக்குப் போகலைன்னா அந்தப் பணம் என்ன ஆகுது?

வெவரம் தெரிஞ்சவங்க சொன்னா எல்லாருக்கும் உதவியா இருக்கும்.


தாராபுரம் ஓய்வு நடத்துனர்:

தம்பி, உங்க மொதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். பாங்குக் காசு, நோட்டு விசயமெல்லாம் வேற யாராச்சும் வெவரமாச் சொல்லுவாங்க.

காலையில மொத சிங்கிள் (ஒரு வழி ஓட்டம்) எடுக்கறப்ப கண்டக்டர் பையில சில்லறை கொஞ்சந்தான் இருக்கும். சொந்தப் பணம் எவ்வளவு கையில வெச்சிருக்கறாருங்கறதை டியூட்டி ஆரம்பிக்கறப்பவே எழுதிக் காட்டோணும். ஏன்னா நடுவழியில செக்கிங் ஏறுனா, மிஷின்ல அடிச்ச டிக்கெட் தொகையும் பையில இருக்கற பணமும் ஒத்துப் போகுதான்னு எண்ணிப் பாப்பாங்க. கொறைஞ்சாலும் கேள்வி, கூடுனாலும் கேள்வி. அதனால "வீட்டுல இருந்து ஒரு ஆயிரத்துக்குச் சில்லறை எடுத்துட்டு வந்தா என்ன"ன்னு நீங்க நெனைக்கற மாதிரி அவரு சும்மா பையில போட்டுக்க முடியாது. டிக்கெட் பின்னாடி பாக்கியை எழுதறதுகூட இதனாலதான். அந்தப் பணம் உங்களுதுங்கறதுக்கு ஒரு கணக்கு வேணும்.

அடுத்தது ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறற எடம். ஒரு ஸ்டேஜ்ல ஏறுன அத்தனை பேருக்கும் அடுத்த ஸ்டேஜ் வர்றதுக்குள்ள டிக்கெட் போட்டு முடிக்கோணும். மிஷின்ல ஸ்டேஜை நகத்துனதுக்கப்புறம் டிக்கெட் இல்லாம ஒரு ஆள் நின்னாலும் செக்கிங்குல மாட்டறது கண்டக்டர்தான். டவுன் பஸ்ஸுல அந்த இடைவெளி அஞ்சு நிமிசம்கூட இருக்காது. நாப்பது பேர் ஏறுன எடத்துல 87 ரூபாய் பாக்கியை எண்ணிக் குடுக்க நின்னா மத்தவங்களுக்கு டிக்கெட் போட முடியாது. அதனால எழுதிக் குடுத்துட்டு நகருவாரு. இதை ஏமாத்து வேலைன்னு எடுத்துக்காதீங்க. ஏமாத்தறவங்க இல்லைன்னு சொல்ல வரலை. பெரும்பாலான எடத்துல காரணம் இதுதான்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது. காசை நீட்டறப்ப ஊரு, ஆளு, குடுத்த தொகை மூணையும் ஒரே மூச்சுல சொல்லுங்க: "ஒரு திருப்பூர், நூறு குடுத்திருக்கறேன்." கண்டக்டர் மனசுல பதியறதுக்கு மட்டுமில்ல, பக்கத்துல நிக்கறவங்க காதுலயும் விழும். டிக்கெட் கைக்கு வந்ததும் பின்னாடி எழுதியிருக்கற தொகையை அப்பவே பாருங்க. 87-ஐ 37-ன்னு அவசரத்துல கிறுக்கறது சாதாரணமா நடக்கும். எழுதாமக் குடுத்தா "எழுதிருங்க"ன்னு கேளுங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க.

பாக்கியை இறங்கற எடத்துல கேக்கறது தப்பு. அங்க எல்லாரும் ஒண்ணாக் கேப்பாங்க. உங்க ஸ்டாப்புக்கு ரெண்டு ஸ்டேஜ் முன்னாடி கேளுங்க. அதுக்குள்ள நடுவுல ஏறுனவங்க குடுத்த சில்லறை பைக்கு வந்திருக்கும். கூட்டமா இருந்தா டிக்கெட்டை கை மாத்திப் பின்னாடி அனுப்பலாமுன்னு தோணும், அனுப்பாதீங்க. டிக்கெட்டு கையை விட்டுப் போச்சுன்னா பாக்கி கேக்கறதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது, அந்நேரம் பாத்து செக்கிங் ஏறுனா அது வேற வம்பு. நீங்களே பின்படிக்கு நகந்து போங்க.

எந்தத் தொகையைக் குடுக்கறதுங்கறதுலயும் ஒரு கணக்கு இருக்குது. 2018 ஜனவரியில கட்டணத்தை மாத்துனப்ப சாதாரண வெளியூர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரசுக்கு 75 காசுன்னு வெச்சாங்க. அதை முழு ரூபாய்க்குக் கொண்டு வர்றப்ப 13, 17, 23-ன்னுதான் டிக்கெட் வரும். 10, 15, 20-ன்னு அழகா வராது. அதனால டிக்கெட் 13-ன்னா 15 குடுக்காதீங்க. அவரு ரெண்டு ரூபாய் காசு தேடோணும், அதுதான் பையில எப்பவும் இருக்காது. 23 குடுங்க, ஒரு 10 ரூபாய் தாள்ல முடிஞ்சிரும். 18-ன்னா 20-க்குப் பதிலா 23 குடுத்தா ஒரு 5 ரூபாய் காசு. 7-ன்னா 12. 50 ரூபாய் தாளுதான் இருக்குதுன்னா 13 ரூபாய் டிக்கெட்டுக்கு 53 குடுத்து நாலு பத்தா வாங்குங்க. சட்டைப் பையில எப்பவும் மூணு ஒத்தை ரூபாயும் ஒரு ரெண்டு ரூபாயும் கெடந்தாப் போதும், இந்தக் கணக்கு பெரும்பாலும் ஓடிரும்.

இன்னொரு பழக்கம், ரெண்டு பேருக்குச் சேத்து ஒரு தாளைக் குடுத்து "பிரிச்சுக்குங்க"ன்னு சொல்றது. உங்களுக்கு 7, அவருக்கு 3-ன்னு ஒரு பத்து ரூபாய். இதுல மாட்டறது எப்பவும் சின்னத் தொகைக்காரருதான். தாளைக் கையில வாங்கறதுக்கு முன்னாடியே அந்த ஆளு எங்க இறங்கறாருன்னு கேளுங்க. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்னா சரி, இறங்கி மாத்திக்கலாம். வேற வேற ஸ்டாப்புன்னா "தனித்தனியா எழுதிருங்க"ன்னு அப்பவே சொல்லிருங்க.


கருவூலக் கவுண்டர்:

வங்கிக் காசாளர் வேலையில் உள்ளவர்கள் தினமும் பார்க்கும் சிக்கல்தான் உங்கள் இரண்டாவதும் மூன்றாவதும்.

10 ரூபாய் நாணயம் செல்லும். இதில் சந்தேகமே வேண்டாம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளிவந்திருப்பதாகவும் பதினான்கும் செல்லும் என்றும் அறிவித்தது. ரூபாய்க் குறி இருப்பது, இல்லாதது, பத்துக் கோடு, பதினைந்து கோடு எல்லாம் அந்தப் பதினான்கில் அடக்கம். ரூபாய்க் குறி 2011-இல்தான் நாணயத்தில் வந்தது. அதற்கு முன் அச்சடித்ததில் குறி இருக்காது. "குறி இல்லை, அதனால் போலி" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

2011 நாணயச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரே தடவையில் 1,000 ரூபாய் வரை செலுத்தலாம். 50 காசு இன்னும் செல்லும், ஆனால் 10 ரூபாய் வரைதான். 25 காசும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30-உடன் போய்விட்டன. இந்தச் சட்டம் நாணயம் செல்லும் என்பதைச் சொல்கிறதே தவிர, 500 ரூபாய்த் தாளுக்குப் பாக்கி எண்ணித் தந்தே ஆக வேண்டும் என்று கண்டக்டரைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பேருந்தில் சண்டை போடுபவர்கள் நிறைய.

கண்டக்டர்கள் நாணயத்தைத் தட்டிக் கழிப்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. 10 ரூபாய் நாணயமும் 20 ரூபாய் நாணயமும் இரண்டுமே 27 மி.மீ. அகலம். பைக்குள் கைவிட்டுத் தடவும்போது அவசரத்தில் மாறிப்போகும். அடையாளம் இப்படி: பத்துக்கு வெளிவளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை. இருபதுக்கு நேர்மாறு, வெளிவளையம் வெள்ளை, நடு மஞ்சள். இருபது ரூபாய் முழு வட்டமும் அல்ல, பன்னிரண்டு பக்கம் கொண்டது. விரலால் ஓரத்தை உருட்டினாலே தெரியும்.

இதைவிட மோசமான குழப்பம் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் இடையில் இருக்கிறது. கட்டைவிரலை உயர்த்திய கை பொறித்த பழைய ஒரு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். 2011-இல் வந்த இரண்டு ரூபாயும் 25 மி.மீ., 4.85 கிராம், அதே எஃகு. அகலத்திலும் எடையிலும் நிறத்திலும் துளி வேறுபாடு கிடையாது. இருட்டிய பின் விளக்கு மங்கலான வண்டியில் பாக்கி வாங்கினால் இந்த இரண்டையும் மட்டும் ஒரு தடவை எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதேபோல பின்னால் வந்த சிறிய இரண்டு ரூபாய் 23 மி.மீ.; வெள்ளை எஃகில் வந்த பழைய ஐந்து ரூபாயும் 23 மி.மீ. இங்கே எடை வேறுபடும், ஐந்து ரூபாய் கனமாக இருக்கும்.

கிழிந்த தாள். 20 ரூபாய் வரையுள்ள தாளில், ஒட்டாத ஒரே துண்டாக மிஞ்சியிருக்கும் பெரிய பகுதி பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். பாதிக்குக் குறைந்தால் ஒன்றும் கிடையாது. 50-க்கும் அதற்கு மேலும் கணக்கு வேறு: 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 வரை பாதி. இரண்டாகக் கிழிந்து, இரண்டு துண்டும் ஒரே தாளுடையதாக, முக்கியப் பகுதி எதுவும் குறையாமல் இருந்தால் அதை அழுக்குத் தாள் கணக்கிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒரே நாளில் 20 தாள், மொத்தம் 5,000 ரூபாய் வரை கட்டணமில்லாமல் கவுண்டரிலேயே தருவார்கள். அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

செலோடேப்பை நீளவாக்கில் தாள் முழுக்க ஒட்டாதீர்கள். எண் வரிசையும் நீர்க்குறியும் தெரியாமல் போனால்தான் காசாளர் தயங்குவார். கிழிந்த இடத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைத் தாளைப் பசை தடவி ஒட்டுங்கள். இன்னும் நல்லது, ஒட்டாமல் இரண்டு துண்டையும் ஓர் உறையில் போட்டுக் கொண்டுவருவது. பேருந்தில் பாக்கியாக ஒட்டுப் போட்ட தாள் வந்தால், நடுக்கோட்டில் மடித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்து எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு வேறு தாள்களின் பாதியை ஒட்டியிருந்தால் அதை அப்போதே திருப்பிக் கொடுங்கள், வங்கியிலும் அது நிற்காது.

சில்லறை எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். கிளையில் 5 ரூபாய் நாணயப் பொட்டலம் கேளுங்கள். 100 நாணயம், 500 ரூபாய். ஒரு 500 ரூபாய்த் தாளுக்கு நேர்மாற்று. மாதத் தொடக்கத்தின் நெரிசல் நாட்களை விட்டு, நடுவாரத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் போனால் கிடைக்க வாய்ப்பு அதிகம். திருப்பிக் கட்டும்போது மதிப்புவாரியாகப் பிரித்து 100 வீதம் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுபோனால் மறுக்கக் காரணம் இருக்காது. ஒரே மதிப்பிலேயே பழையதும் புதியதும் கலந்திருந்தால் எடை போட்டு எண்ண முடியாது; ஒரு ரூபாயில் மட்டும் 4.85 கிராமும் உண்டு, 3.79 கிராமும் உண்டு. பிரித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

ஏ.டி.எம்.மில் 500, 1,000 என்று அடிக்காதீர்கள். 400 அல்லது 900 அடித்தால் இயந்திரம் 100, 200 தாளைத் தந்தே ஆக வேண்டும். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, அந்த ஆண்டு செப்டம்பர் முடிவுக்குள் 75 சதவீத ஏ.டி.எம்.களிலும், 2026 மார்ச் முடிவுக்குள் 90 சதவீதத்திலும் குறைந்தது ஒரு பெட்டியிலாவது 100 அல்லது 200 இருக்க வேண்டும். சொந்த வங்கியில் மாதம் ஐந்து தடவைதான் இலவசம் என்பதால் 400, 400 ஆக எடுக்க வேண்டாம். 1,900 என்று ஒரே தடவை எடுத்தால் மூன்று ஐந்நூறும் நானூறுக்குச் சில்லறையும் வரும்.


நொய்யல் கரையோரம்:

மேல எழுதுனவங்க ரெண்டு பேரும் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்குது. டவுன் பஸ்ஸுல சில்லறை ஏன் இப்ப ரொம்பச் சுருங்கிப் போச்சுன்னா, 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இலவசம். நல்ல திட்டம், அதுல ரெண்டு பேச்சே வேண்டாம். ஆனா முன்ன சுருக்குப் பையில இருந்து எண்ணி எடுத்து ரெண்டும் மூணுமா குடுத்தது அவங்கதான். அந்தக் காசு கண்டக்டர் பைக்கு வர்ற வழி அடைஞ்சு போச்சு. மிச்சம் இருக்கற ஆம்பளைங்க குடுக்கறது 50, 100, 200. கட்டணத்தை அஞ்சஞ்சு ரூபாயா வட்டமா வெச்சாத்தான் இது தீரும். 7-ஐ 10 ஆக்காம 5 ஆக்குற மாதிரி.

திருப்பூர்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்ச இன்னொரு விசயம், பனியன் கம்பெனியில சனிக்கெழம சம்பளம். அன்னைக்குச் சாயங்காலம் எல்லாத்து கையிலயும் 500 ரூபாய் தாளுதான். ஞாயித்துக்கெழம கடைவீதியில கொஞ்சம் உடையும். உடைக்காதவங்க அத்தனை பேரும் திங்கக்கெழம காலையில மொத பஸ்ஸுலதான் அதை நீட்டுவாங்க. அந்த ரெண்டு நாளைக்கு மட்டுமாவது சில்லறையை வெள்ளிக்கெழமையே ஒதுக்கி வெச்சுக்குங்க. புஞ்சைப் புளியம்பட்டிப் பக்கம் இருக்கறவங்களுக்கு இதே மாதிரி வியாழக்கெழம சந்தை அன்னைக்கு வரும்.

சில்லறை மாத்தறதுக்குப் பேக்கரியை விட உழவர் சந்தை மேல். காலையில ஏழரை, எட்டு மணிக்கு, பாதி வித்து முடிச்ச கீரைக்காரங்ககிட்டக் கேளுங்க. கடையெடுக்கற நேரத்துல அவங்களுக்குக் காசு பாரம், நமக்குத் தேவை. அஞ்சரை மணிக்குப் போய் 200 ரூபாய் தாளை நீட்டுனா மொதப் போணியே ஆகாத நேரத்துல அவங்க எங்க போவாங்க?


அந்தியூர் லைன்:

நாலாவது கேள்விக்கு நான் சொல்றேனுங்க. தனியார் பஸ் கணக்கு எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா, ஏன் ஒரு வண்டியில வாங்கறாங்க, இன்னொண்ணுல வாங்கறதில்லைன்னு புரியும்.

வண்டியில ஒட்டியிருக்கற க்யூ.ஆர். முதலாளி கணக்குக்குப் போற வண்டி ஒரு வகை. அன்னைக்கு டீசல், டிரைவர் கண்டக்டர் பேட்டா, பஸ் ஸ்டாண்டு வசூல் எல்லாம் ரொக்கத்துல குடுக்கோணும். கலெக்சன்ல பாதி போன்ல போயிருச்சுன்னா சாயங்காலம் கண்டக்டர் கையில ரொக்கம் பத்தாது. அதனால கூட்ட நேரத்துல "காசாக் குடுங்க"ம்பாரு. இன்னொரு வகை, கண்டக்டர் தன்னோட சொந்த நம்பர்ல வாங்கிட்டு ராத்திரி ரொக்கமாக் கட்டறது. அதுல சில்லறைத் தொல்லை இல்ல. ஆனா பணம் போகலைன்னா நட்டம் அந்தாளு தலையில. அதனாலதான் திரையைக் காட்டுனாலும் நம்பாம, அவரு போனுக்கு மெசேஜ் வர்ற வரைக்கும் நிப்பாரு. அரசு பஸ்ஸுல புது ஆண்ட்ராய்டு மிஷின் இருக்கற வண்டின்னா இந்தப் பிரச்சினை கெடையாது. மிஷினே தொகையோட க்யூ.ஆர். காட்டும், பணம் வந்தாத்தான் டிக்கெட் வெளிய வரும்.

போன்ல கட்டறதா இருந்தா வண்டி நிக்கறப்பவே, ஏறறதுக்கு முன்னாடியே "ஜீபே வாங்குவீங்களா"ன்னு கேட்டுருங்க. ஓடற வண்டியில சிக்னல் விட்டு விட்டுத்தான் கெடைக்கும். யூ.பி.ஐ. லைட்டுல (போன் ஆப்புக்குள்ளயே சின்னத் தொகைக்குன்னு இருக்கற பணப்பை) ஒரு 500 ரூபாய் ஏத்தி வெச்சுக்கறது பஸ்ஸுக்குன்னே செஞ்ச மாதிரி. பின் அடிக்க வேண்டியதில்ல, பாங்கு சர்வர் மக்கர் பண்ணுனாலும் பெரும்பாலும் போயிரும். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்த இருப்பு 5,000 வரை வெச்சுக்கலாம். சிக்னல் சுத்தமா இல்லாத எடத்துல இதுவும் போகாது, அதையும் மனசுல வெச்சுக்குங்க.

பணம் கழிஞ்சு அங்க போகலைன்னா பதறி ரெண்டாவது தடவை அனுப்பாதீங்க, ரொக்கமாக் குடுத்துருங்க. ஆள் நம்பருக்கு அனுப்புனதா இருந்தா அடுத்த நாளைக்குள்ளயும், கடைக் கணக்கு க்யூ.ஆர்.னா அஞ்சு நாளைக்குள்ளயும் தானாத் திரும்பி வரோணும். அதுக்கு மேல ஆனா நாளொன்னுக்கு 100 ரூபாய் வீதம் பாங்கு உங்களுக்கு ஈடு தரோணும்னு 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி போட்ட விதி இருக்குது. புகார் குடுக்கறப்ப அந்தப் பரிவர்த்தனையோட 12 எலக்க எண்ணைக் கேப்பாங்க. பணம் அனுப்புன விவரத்தைத் தொறந்தா அடியில இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. 12 ரூபாய்க்கு இத்தனை தூரமான்னு விட்டராதீங்க.

இன்னொண்ணு, தனியார் பஸ்ஸுல முன்படியில ஒருத்தர், பின்படியில ஒருத்தர் நிப்பாங்க. பை ரெண்டும் தனித்தனி. முன்னாடி குடுத்த காசுக்குப் பின்னாடி இருக்கறவர்கிட்டப் பாக்கி கேட்டா அவருக்கு ஒண்ணும் தெரியாது. யார்கிட்டக் குடுத்தீங்களோ அவர்கிட்டயே கேளுங்க. டிக்கெட் தராம காசை மட்டும் வாங்குனாக் கண்டிப்பாக் கேட்டு வாங்குங்க. பாக்கி எழுதறதுக்கும் ஒரு தாளு வேணுமில்லீங்களா.


பெருமாநல்லூர் பயணி:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. மஞ்சள் வளையம், வெள்ளை வளையம் விசயம் இத்தனை நாளாக் கண்ணு முன்னாடி இருந்தும் கவனிக்கவே இல்ல. ஐயா, ரெண்டே சந்தேகம். குழந்தைகளோட போறப்ப அரை டிக்கெட்டுல வர்ற ஒத்தை ரூபாய்க் கணக்கு எப்படிங்க? அப்புறம், பாக்கி வாங்காமயே வண்டி போயிருச்சுன்னா அந்தப் பணத்தை விட்டற வேண்டியதுதானா?


தாராபுரம் ஓய்வு நடத்துனர்:

அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் வேண்டாம், 2022-ல இருந்து அப்படி. அதுக்கு மேல 12 வரைக்கும் அரை டிக்கெட். முழு டிக்கெட் 13-ன்னா பாதி ஆறரை. அரை ரூபாய் வாங்கவும் மாட்டாங்க, தரவும் மாட்டாங்க, முழு ரூபாயாத்தான் மிஷின் காட்டும். ரெண்டு குழந்தைன்னா "ஒரு முழுசு, ரெண்டு அரை"ன்னு சேத்துச் சொல்லி, மிஷின்ல மொத்தம் எவ்வளவு வருதுன்னு கேட்டுட்டு அப்புறம் பணத்தை எடுங்க. மனக்கணக்குப் போட்டு 26-ன்னு எண்ணி வெச்சிருப்பீங்க, அங்க 27 வரும். அந்த ஒத்தை ரூபாய்க்குத்தான் சண்டை வரும்.

பாக்கியை விட வேண்டியதில்ல. இறங்குன ஒடனே வண்டி நம்பரை எழுதுங்க. டிக்கெட்டுல தேதி, நேரம், டிக்கெட் நம்பர், எந்த ஸ்டேஜ்ல இருந்து எந்த ஸ்டேஜ் எல்லாம் இருக்கும். அதை முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்குங்க. அந்தத் தாளு சூட்டுல எழுத்து மங்கற தாளு. சட்டைப் பையில வேர்வையில கெடந்தா, வெயில்ல பைக் டேங்க் கவர்ல கெடந்தா, முன்பக்கம் வெளுத்துப் போயிரும். பின்னாடி பேனாவுல எழுதுனது நிக்கும், ஆனா முன்னாடி ஒண்ணுமில்லாம அது யாருக்கும் ஆகாது.

அப்புறம் அந்த வண்டி முடியற பஸ் ஸ்டாண்டுல டைம் ஆபீசுக்குப் போங்க. அதே கண்டக்டர் அடுத்த சிங்கிளுக்கு எத்தனை மணிக்கு வர்றாருன்னு டைம் கீப்பர் சொல்லிருவாரு. நேராப் போய் டிக்கெட்டைக் காட்டுனாப் பெரும்பாலும் அங்கயே குடுத்துருவாங்க, ஏன்னா அந்தப் பணம் அவரு பையில கூடுதலாக் கெடக்கறது அவருக்குத்தான் தொந்தரவு. போக முடியலைன்னா வண்டிக்குள்ள எழுதியிருக்கற புகார் நம்பருக்குச் சொல்லலாம். தனியார் வண்டின்னா முதலாளி ஆபீசு, அதுக்கு மேல ஆர்.டி.ஓ. எதுவா இருந்தாலும் அன்னைக்கே பண்ணுங்க தம்பி. டியூட்டி முடிச்சு டெப்போவுல பணம் கட்டிட்டாருன்னா அந்த நாள் கணக்கு மூடிரும், அப்புறம் எழுதிக் குடுத்து அலையறதுக்கு உங்க பாக்கியை விட பஸ் செலவு அதிகமாயிரும்.